முதலில் உண்மை, அப்புறம் சுத்தியல்

அவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவருக்குக் கட்டமும் தெரியாது, கைரேகையும் தெரியாது. அவர் படிப்பது நசுங்கிய தகரத்தை. இடிவாங்கிய காரைக் கொண்டுபோய் அவருடைய டிங்கர் பட்டறையில் நிறுத்தினால் போதும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பள்ளத்தைப் பெருவிரலால் தடவி, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, எதில் இடித்தது, எப்படி இடித்தது என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். மற்ற ஜோசியர்கள் நடக்கப்போவதைச் சொல்லிவிட்டுப் பிறகு முழிப்பார்கள். இவர் நடந்து முடிந்ததை மட்டுமே சொல்வார். அதனால் சொன்னதெல்லாம் பலிக்கும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பிரேக் பிடித்தவனின் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போய் முட்டும். அதனால் அடி பம்பருக்கு மேலே, பானெட்டின் விளிம்பில் விழும். கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தவனின் வண்டியில் கீறல் சாய்வாக இழுபட்டிருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் பள்ளம் மட்டமாக, அச்சில் வார்த்ததுபோல் இருந்தால், ஓட்டியவர் முட்டும்வரை எதையும் பார்க்கவே இல்லை என்று பொருள். அப்படிப்பட்ட வண்டி வந்தால் ஜோசியர் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுவார்.

"யாரு கூப்பிட்டாங்க?"

வந்தவர் முதலில் ஒரு நாயைக் குறுக்கே ஓடவிடுவார். நாய் எடுபடவில்லை என்றால் பூனை. அதுவும் எடுபடவில்லை என்றால் பிரேக் பிடிக்கவில்லை, கண்ணில் தூசி விழுந்தது, எதிரே வந்தவன் லைட் அடித்தான் என்று கதை நீளும். பட்டறைக்கு வந்த கதைகளையெல்லாம் நம்பினால், அந்த வட்டாரத்தில் மனிதர்களைவிட நாய்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். ஜோசியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். ஆனால் கையில் சுத்தியலை எடுக்கமாட்டார்.

"முதல்ல உண்மை, அப்புறம் சுத்தியல்" என்பதுதான் பட்டறையின் சட்டம். அதற்கு அவர் ஒரு காரணமும் வைத்திருந்தார். எந்தத் திசையில், என்ன வேகத்தில் அடி விழுந்தது என்று தெரியாமல் தட்டினால் வெளியே நிமிர்ந்துவிடும், உள்ளே கோணிக்கொள்ளும். இந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் அடுத்தவர் குட்டு உடைவதைப் பார்ப்பதில் அவருக்கு இருந்த ஆனந்தமும் அதே அளவு நியாயமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மை வெளியே வந்ததும் சாக்பீஸை எடுப்பார். பட்டறையின் உள்சுவரில், என்றோ உடைத்துப் போட்ட ஒரு காரின் பச்சை பானெட்டைக் கரும்பலகைபோல் மாட்டியிருந்தார். முட்டுவதற்கு முன்னால் போனில் கடைசியாகச் சொன்ன வாக்கியம் எதுவோ, அதை அதில் எழுதுவார். பெயர் எழுதமாட்டார், தேதி போடமாட்டார், வாக்கியம் மட்டும்தான். முதல் வாக்கியம் மருந்துக்கடைக்காரருடையது. மின்கம்பத்தைக் கட்டிப்பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவர் தன் மனைவியிடம் சொல்லியிருந்தார்: "நான் பாத்துதான் ஓட்டறேன், நீ வை." அதற்குக் கீழே வரிசையாகப் பல வந்து சேர்ந்தன. "கேக்குது, கேக்குது, சொல்லு." "ரெண்டே நிமிஷம், அங்கதான் இருக்கேன்." "அந்த போட்டோவை அனுப்பு, இப்பவே பாத்துச் சொல்றேன்." வண்டியைக் கொண்டுவந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் இதைப் படித்துச் சிரிப்பார்கள். தன் வாக்கியத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஜோசியர் தட்டி நிமிர்த்திப் பட்டி பார்த்த வண்டிக்குப் பெயிண்ட் கலப்பது அவர் மனைவி. வாடிக்கையாளர்கள் அவளைக் கலர் அக்கா என்பார்கள். புது மஞ்சளை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிவிடலாம். எட்டு வருஷம் வெயிலில் நின்று வெளுத்த மஞ்சளைக் கலந்து எடுக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். ஒட்டுப் போட்ட இடம் எது என்று வண்டிக்காரருக்கே தெரியாது. அந்த வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். அதனால் பட்டறை வாசலில், கேட்டின் தூணை ஒட்டி, ஒரு குட்டை இரும்பு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். புருஷனின் பழைய நீலச் சட்டையை உடைக்கு மேலே மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு தகர டப்பாவை வைத்துக் கலக்கிக்கொண்டே இருப்பாள். ஸ்டூல் முழுக்க ஊரில் ஓடும் எல்லாக் கார்களின் நிறமும் சொட்டுச் சொட்டாக இருக்கும்.

இவர்கள் இருவருக்கும் கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் தீராத சண்டை ஒன்று உண்டென்றால் அது இந்த போன் சண்டைதான். வேலை முடிந்த வண்டியை ஜோசியர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். எங்கேயாவது தகரம் உரசுகிறதா, கடகட என்று ஆடுகிறதா என்று கேட்பதற்காக. அந்த ரவுண்டில் போன் வந்தால் எடுத்துவிடுவார்.

"ஊர்ல இருக்கறவங்க வாக்கியத்தையெல்லாம் எழுதறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்பாள் அவள்.

"நான் தொழில் விஷயமாப் பேசறேன்மா. காது மட்டும்தான் போன்ல. கண்ணு ரோட்டுலதான் இருக்கும்."

"நீங்க வண்டி எடுக்கறதே சத்தம் கேக்கத்தானே? காதை போனுக்குக் குடுத்துட்டா வண்டிக்கு எதைக் குடுப்பீங்க?"

அவர் இருமுவார். போதாக்குறைக்கு, சுத்தியல் சத்தத்தில் அவருடைய இடது காது எப்போதோ மந்தமாகிவிட்டது. வலது காதில்தான் போனை வைக்க வேண்டும். அதற்கு வலது கை போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு கைதான் ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் ஓடி ஓடி உழைக்கும். மற்றவர்கள் விஷயத்தில் இதையெல்லாம் விரல்விட்டுக் காட்டுகிற மனிதர், தன் விஷயத்தில் மட்டும் கண்டுகொள்ளவே மாட்டார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் ரவுண்டு போயிருக்கும்போது வண்டிக்காரர் வந்து நின்றுவிட்டால், "எங்க இருக்கீங்க?" என்று அவருக்கு போன் போடுவது கலர் அக்காவேதான். திட்டுவதும் அவள், கூப்பிடுவதும் அவள். இது அவள் கண்ணில் வெகுநாள் படவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் தன் மஞ்சள் காரை எடுத்துக்கொண்டு வந்தார். முன்பக்க வலது மூலை உள்ளே போயிருந்தது.

"ஒரு பொண்ணுக்குக் கத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு போஸ்ட்ல கொண்டுபோய் விட்டுடுச்சு" என்றார் வாத்தியார்.

ஜோசியர் பள்ளத்தைத் தடவினார். பள்ளம் மட்டமாக, அழகாக இருந்தது.

"உங்க வண்டியில ரெண்டு பிரேக் இருக்கே வாத்தியாரே. அந்தப் பொண்ணு காலடியில ஒண்ணு, உங்க காலடியில ஒண்ணு. ரெண்டு பேருமா போஸ்ட்டைப் பாக்கல?"

வாத்தியார் கோபமாக எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்தார். இப்போது பெண் போய் ஒரு நாய் வந்திருந்தது. அதற்கும் மறுநாள் நாயை விட்டுவிட்டு ரோட்டில் எண்ணெய் கொட்டியிருந்தது என்றார். நாலாம் நாள், வேறு வழியில்லாமல், வண்டியில் தான் தனியாகத்தான் இருந்ததாக ஒப்புக்கொண்டார். அந்த வாரம் லைசென்ஸ் எடுத்த ஒரு மாணவன் முதல்முறையாகத் தனியாகக் கார் எடுத்திருக்கிறான். நடு ரோட்டில் பயந்துபோய் வாத்தியாருக்கு போன் போட்டிருக்கிறான். அவன் அங்கே ஓட்டிக்கொண்டே கேட்க, வாத்தியார் இங்கே ஓட்டிக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறார்.

"கடைசியா என்ன சொன்னீங்க?" என்றார் ஜோசியர், சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே.

வாத்தியார் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரோட்டைப் பாத்து ஓட்டு."

அன்று முழுக்க பட்டறையில் வேலை நடக்கவில்லை. ஜோசியர் எழுதுவதும், தள்ளி நின்று படிப்பதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுமாக இருந்தார். கலர் அக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வாத்தியார் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, "சிரிங்க, சிரிங்க. எல்லாருக்கும் ஒரு நாள் வரும்" என்றார். அப்போது அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மூலையை நிமிர்த்த நாலு நாள் ஆனது. மஞ்சள் கலக்கக் கலர் அக்காவுக்கு ஒரு முழுக் காலை ஆனது. ஐந்தாம் நாள் பத்து மணிக்கு ஜோசியர் காரை ரவுண்டு எடுத்துப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில், பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய வாத்தியார் வந்துவிட்டார். பதினோரு மணிக்கு ஒரு புது ஆளுக்கு முதல் வகுப்பாம்.

"இப்ப வந்துடுவார் சார், உக்காருங்க" என்றாள் கலர் அக்கா, ஸ்டூலைவிட்டு எழாமல்.

"எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு போன் போட்டுக் கேளும்மா."

"வந்துடுவார் சார்."

"கேளும்மா. எனக்கு வகுப்பு இருக்கு."

மூன்றாவது முறை கேட்டபோது அவள் மிச்ச மஞ்சள் இருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். போன் உள்ளே அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அப்போதுதான் போட்டது, பிடுங்க மனமில்லை; ஒயரும் குட்டை, எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர முடியாது. கையில் பெயிண்ட் ஒட்டியிருந்ததால் நீலச் சட்டையைக் கழற்றி, அதிலேயே கையைத் துடைத்து, ஸ்டூல்மேல் போட்டுவிட்டு உள்ளே போனாள். வாத்தியாரும் பின்னாலேயே போனார்.

ஜோசியர் அப்போது பட்டறைத் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். வண்டியில் ஒரு சத்தம் இல்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தார். போன் அடித்தது. எடுத்து வலது காதில் வைத்தார்.

"எங்க இருக்கீங்க? வாத்தியார் வந்து நிக்கறார்."

கேட்டுக்குள் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், இருப்பது ஒரு கை. அந்தக் கை கியருக்குப் போயிருந்த அரை நொடியில் வண்டி தன் இஷ்டத்துக்குத் தூணின் பக்கம் ஒதுங்கியது.

"இதோ, வாசலுக்கே வந்துட்டேன்" என்றார் ஜோசியர்.

டமால் என்று சத்தம் கேட்டது. போன் கையிலிருந்து எகிறி சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தூணின் பக்கத்தில் ஸ்டூல் இல்லை. வண்டியின் மூக்குக்குக் கீழேயிருந்து நீலச் சட்டையின் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் ஓடிக்கொண்டிருந்தது.

காலுக்குக் கீழேயிருந்து அவளுடைய குரல் கேட்டது. "ஏங்க... ஏங்க... என்ன சத்தம் அது? பேசுங்க..."

இருபத்தாறு வருஷமாக இடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அன்று பள்ளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தாரா, அப்படியே உருண்டாரா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. தரையில் குப்புற விழுந்து, கொட்டிக் கிடந்த பெயிண்டில் முகம் படிய, வண்டிக்கு அடியில் நுழைந்தார். "இதோ வந்துட்டேம்மா, இதோ வந்துட்டேன், ஒண்ணும் ஆகாது" என்று கத்திக்கொண்டே நீலச் சட்டையைப் பிடித்து இழுத்தார். கனமே இல்லாமல் வெறும் சட்டை கையோடு வந்தது. குரல் மட்டும் வண்டிக்குள்ளிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு சக்கரமாகத் தடவித் தேடினார்.

சத்தம் கேட்டு, சார்ஜரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்தியபடி கலர் அக்கா வெளியே ஓடிவந்தாள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டு உதறுவதைப் பார்த்தாள். பதற்றத்தில் போனிலேயே கேட்டாள்.

"ஏங்க, வண்டிக்கு அடியில என்ன பண்றீங்க?"

அந்தக் கேள்வி சீட்டுக்கு அடியிலிருந்தும் வந்தது, கால்மாட்டிலிருந்தும் வந்தது. கால்கள் அடங்கின. ஜோசியர் மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தார். பாதி முகம் மஞ்சள். சட்டையை மார்போடு அணைத்திருந்தார். எதிரே அவள் முழுசாக நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதைச் செய்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் வாத்தியார் நிற்பதைப் பார்த்துவிட்டார். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன வார்த்தை வாயில் தானாக வந்து விழுந்தது.

"பிரேக் பிடிக்கல."

வாத்தியார் அவசரப்படவில்லை. தன் காரின் வலது மூலையைப் பார்த்தார். நாலு நாள் தட்டி நிமிர்த்திய அதே மூலை, அதே அளவு பள்ளம். பெருவிரலால் தடவினார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு போய், முன்பு உட்கார்ந்த அதே டயர்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"என் வண்டியில ரெண்டு பிரேக் இருக்கே ஜோசியரே. ரெண்டுமா பிடிக்கல?"

எங்கேயாவது ஒரு நாய் கண்ணில் படுகிறதா என்று ஜோசியர் தெருவைக்கூட ஒருமுறை பார்த்தார். சமயத்துக்கு ஒரு நாயும் இல்லை.

"யாரு கூப்பிட்டாங்க?" என்றார் வாத்தியார். வாழ்நாளில் அவர் இவ்வளவு ரசித்துக் கேட்ட கேள்வி வேறு இருந்திருக்காது.

"நான்தான் சார் கூப்பிட்டேன்" என்றாள் கலர் அக்கா.

அவள் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் மடங்கிக் கிடந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து தொங்கிய சார்ஜர் ஒயரைத் திரும்பிப் பார்த்தாள். குனிந்து ஸ்டூலின் வளைந்த காலைத் தொட்டாள்.

"ஒயர் இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருந்தா நான் இங்க உக்காந்துக்கிட்டேதான் பேசியிருப்பேன்" என்றாள். "இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டேதான் 'எங்க இருக்கீங்க'ன்னு கேட்டிருப்பேன்."

வாத்தியார் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "மூணு தடவை கூப்பிடச் சொன்னது நான்மா" என்றார். அந்தக் குரலில் வாத்தியார்த்தனம் எதுவும் இல்லை.

ஜோசியர் எழுந்தார். முகத்தைக்கூடத் துடைக்காமல் உள்ளே போய் சாக்பீஸை எடுத்தார். பச்சை பானெட்டில், "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்பதற்குக் கீழே, தன் கையாலேயே எழுதினார். "இதோ, வாசலுக்கே வந்துட்டேன்." எழுத்து கோணலாக வந்தது. அழிக்கவில்லை. சாக்பீஸை வைக்கப்போனவரின் கையிலிருந்து கலர் அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

"இத்தனை நாளும் ஓட்டினவங்க பேச்சைத்தானே எழுதினீங்க. இந்தப் பக்கத்துல இருந்து பேசினவங்களை ஒருத்தரையும் கேக்கலையே" என்றாள். அவருடைய வரிக்கு மேலே, கிடைத்த சந்து இடத்தில், சின்ன எழுத்தில் நுணுக்கி எழுதினாள். "எங்க இருக்கீங்க?"

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்த வாத்தியார், "இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். நாலு நாள் என்றார் ஜோசியர். வாத்தியார் தன் புது மாணவனுக்கு போன் போட்டு வகுப்பைத் தள்ளிவைத்தார். அதற்கு முன்னால், "நீங்க எதையும் ஓட்டிக்கிட்டு இல்லையே?" என்று கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு பட்டறையில் சில விஷயங்கள் மாறின. ஜோசியர் ரவுண்டு கிளம்பும்போது போனை ஒரு காலிப் பட்டி டப்பாவில் போட்டுவிட்டுப் போகிறார். எந்த அவசரக்காரர் வந்து குதித்தாலும், "அவர் வண்டியில இருக்கார், வந்தப்புறம் பேசுவார்" என்று கலர் அக்கா கலக்கிக்கொண்டே சொல்லிவிடுகிறாள். யாருடைய கதையிலாவது போன் வந்தால், எதிர்முனையில் யார், அவர் என்ன சொன்னார் என்றும் கேட்டு எழுதுகிறார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவியே ஒருநாள் மாத்திரை கொடுக்கும் சாக்கில் வந்து, தன் வரியைத் தானே எழுதிவிட்டுப் போனாள். "பாத்து ஓட்டறீங்களா?" என்பதுதான் அது.

ஸ்டூலை நிமிர்த்துவது ஜோசியருக்குப் பத்து நிமிஷ வேலை. கலர் அக்கா விடவில்லை. உட்காரும் அளவுக்கு மட்டும் தட்டித்தரச் சொன்னாள். ஒரு கால் இன்னும் வளைந்தே இருக்கிறது. அவள் அசையும்போதெல்லாம் அது ஒரு பக்கமாக ஆடும். வேறு இடத்தில் போட்டுக்கொள் என்று அவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டார். வெளிச்சம் இங்கேதான் இருக்கிறது என்று அவள் நகரவில்லை.

அதனால் இப்போது ஜோசியர் வண்டியை நேராகக் கேட்டுக்குள் கொண்டுவருவதில்லை. தெருவிலேயே நிறுத்தி, இறங்கி, தூணைச் சுற்றி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். காத்திருக்கும் வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கலர் அக்கா டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்.

"இருக்கேன். வாங்க."